நிலை பறித்த அடைமொழிகள்

இன்றைய உரைப்பொருள், ஒருவரின் குமுகாய நிலையையும் சட்டநிலையையும் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் இணைச்சொற்களைப் பற்றியது. வெறும் சொல்லாராய்ச்சிதானே என்று எவரும் எளிதாக எண்ணிவிட வேண்டா. ஓர் அடைமொழி பல நூறாயிரம் உழைப்பாளரின் வாக்குரிமையை வாரிக்கொண்டு போன வரலாறு இவ்வுரையின் பிற்பகுதியில் வரும். அதனைத் தெளிவாக விளங்கிக் கொள்வதற்கே முற்பகுதி.

ஒருவர் வைப்பகத்தில் கணக்குத் தொடங்குகிறார், கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கிறார், வேலைக்கு எழுதுகிறார். அவர் கையில் தரப்படும் ஆங்கிலப் படிவத்தில் 'மேரிட்டல் இசுடேட்டசு' என்றொரு கட்டம் இருக்கும். அஃது அவருடைய மணநிலையைக் கேட்கிறது. செய்தித்தாளைப் புரட்டினால் 'சோசியல் இசுடேட்டசு' என்பது கண்ணிற்படும். அது குமுகாயத்தில் அவர்க்குள்ள மதிப்பு. வழக்கறிஞரிடம் போனால் 'இலீகல் இசுடேட்டசு' என்பார். அது சட்டத்தின் கண்ணில் அவர் யார் என்பது. மூன்றிடத்தும் 'இசுடேட்டசு' ஒன்றே. ஆயினும் முன்னே ஒட்டிய சொல் மாறப் பொருளும் மாறிவிட்டது. பெயர்ச்சொல் சும்மா நிற்க, அடைமொழியே ஆட்சி செய்கிறது என்க.

அப்பெயர்ச்சொல்லின் பிறப்பைச் சற்றே காண்க. இலத்தீன் மொழியில் 'நிற்றல்' எனப் பொருள்படும் வினையினின்று பிறந்தது அது. தமிழிலும் 'நில்' என்னும் வினையினின்றே 'நிலை' பிறந்தது. ஒருவன் எங்கே நிற்கிறானோ அதுவே அவன் நிலை. தொடர்பற்ற இரு மொழியும் தத்தம் போக்கில் ஒரே உண்மையைக் கண்டிருக்கின்றன. 'நிலை தாழ்ந்தான்', 'நிலை குலைந்தான்' எனச் சிற்றூர்ப் பாட்டியும் சொல்லும் மொழியில் 'அந்தசுது' என்னும் அயற்சொல்லுக்கு என்ன வேலை?

அவ்விலத்தீன் வேரினின்றே பழம்பிரஞ்சின் வழியாக ஆங்கிலத்திற்கு வேறிரு சொற்களும் வந்தன. ஒன்று 'எசுடேட்டு'. முதலில் அது நிலையையே குறித்தது. பின்னர்க் குருமார், பெருங்குடியினர், பொதுமக்கள் என்னும் மூவகைப் படிநிலைகளைக் குறித்தது. அதன்பின் நிலத்தின்மேல் ஒருவனுக்குள்ள உரிமையைக் குறித்து, இறுதியில் அந்நிலத்தையே, தோட்டத்தையே குறிக்கலாயிற்று. மற்றொன்று 'இசுடேட்டு', அது நாட்டையும் அரசையும் குறிக்கும் சொல்லாக வளர்ந்தது. நிலை, தோட்டம், நாடு என்னும் இம்மூன்றும் ஆங்கிலத்தில் ஒருவயிற்றுப் பிறந்த உடன்பிறப்புகள். இதனை அவையோர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும், மீண்டும் தேவைப்படும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. 'இலீகல் இசுடேட்டசு' என்பதும் 'இலீகல் இசுடாண்டிங்கு' என்பதும் ஒன்றெனப் பலர் மயங்குவர். முன்னது சட்டத்தில் ஒருவர்க்குள்ள நிலை. பின்னது வழக்குமன்றத்தின் முன் வந்து நின்று வழக்காட அவர்க்குள்ள தகுதி. 'நீ சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதைக் கேட்க நீ யார்?' என்று மன்றம் வினவுமாயின், அங்கே மறுக்கப்படுவது இந்தப் பின்னதே. இரண்டையும் 'சட்ட நிலை' என்றே பெயர்த்தால் படிப்பவர் குழம்புவர். முன்னதைச் சட்டநிலை என்றும், பின்னதை வழக்குத்தகுதி என்றும் பிரித்து வழங்குதல் தக்கது.

இனி, இங்கிலாந்தின் வரலாற்றுக்குள் புகுவோர்க்கு இவ்விணைச்சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு பூட்டாகவோ திறவுகோலாகவோ தோன்றும்.

1215-ஆம் ஆண்டில் சான் மன்னன் முத்திரையிட்ட பெரும்பட்டயத்தை உரிமையின் தொட்டில் என்று போற்றுவர். அதன் 39-ஆம் கூறு, நாட்டுச் சட்டப்படியோ ஒத்த நிலையினரின் தீர்ப்புப்படியோ அன்றி எவரையும் சிறைபிடித்தல் ஆகாது என்கிறது. எவரையும் என்றா சொன்னது? இல்லை. கட்டற்ற மாந்தர் எவரையும் என்றே சொன்னது. அந்தக் 'கட்டற்ற' என்னும் ஓர் அடைமொழிக்கு வெளியே, நிலத்தோடு பிணிக்கப்பட்டு, ஆண்டை விடுத்தாலன்றி ஊரைவிட்டுப் பெயர இயலாத உழவர் கூட்டம் பெருந்திரளாக நின்றது. அவ்வுழவர்க்குப் பெயர் 'வில்லன்'. ஆம், இன்று தமிழ்த் திரைப்படத்தில் கதைத்தலைவனை எதிர்க்கும் தீயோனுக்கு வழங்கும் அதே சொல்தான். உழுது பிழைத்த ஏழையின் சட்டநிலைப் பெயர், காலப்போக்கில் கொடியவனின் பெயராகிவிட்டது. மறுபுறம், உயர்குடிப் பிறப்பைக் குறித்த 'நோபிள்' என்னும் சொல்லோ உயர்குணத்தின் பெயராயிற்று. நிலத்தை வைத்திருந்தவனுக்கே நற்குணமும் எழுதி வைக்கப்பட்டது!

இக்குறை ஆங்கிலத்திற்கு மட்டுமே உரியது என்று நெஞ்சறியப் பொய் சொல்லலாகாது. மேன்மக்கள், கீழ்மக்கள், இழிந்தோர் என்று தமிழிலும் பிறப்பும் பண்பும் ஒரே சொல்லிற் கலந்து கிடக்கின்றன. அயலார் மொழியின் அழுக்கைக் காணும் கண், வீட்டின் அழுக்கையும் காண வேண்டும்.

அடுத்துப் பெண்டிர் நிலை. ஆங்கிலச் சட்டநூலார் மணமாகாத பெண்ணைப் 'பெம் சோல்' என்றனர். தனித்த பெண் என்பது பொருள். மணமானவளைப் 'பெம் கவர்ட்டு' என்றனர். மூடப்பட்ட பெண் என்பது பொருள். கணவன் என்னும் போர்வைக்குள் அவள் மறைந்துவிட்டாளாம்! 1765-இல் வெளிவரத் தொடங்கிய பிளாக்சுடோனின் சட்ட விளக்கநூல், கணவனும் மனைவியும் சட்டத்தின் முன் ஓராள் என்றும், மனைவியின் தனியிருப்பு மணவாழ்க்கைக் காலத்தில் நிறுத்தி வைக்கப்படுகிறது என்றும் விளக்கியது. அந்த ஓராள் யாரென்று கேட்கவும் வேண்டுமோ? அவள் ஈட்டிய கூலியும் அவனுடையது. 1870-ஆம் ஆண்டுச் சட்டம் அக்கூலியை அவளுக்கே ஆக்கியது. 1882-ஆம் ஆண்டுச் சட்டமோ, மணமான பெண், தனித்த பெண்ணைப் போன்றே உடைமை வைத்திருக்கலாம் என்றது. அச்சட்டத்தின் நடையை உற்றுநோக்குக. மணமான பெண்ணுக்கு உரிமையுண்டு என்று நேரே சொல்ல அதற்கு நா எழவில்லை. தனித்த பெண்ணாக அவளைக் கருதிக்கொள்க என்றே சொல்லிற்று. பழைய இணைச்சொல்லின் பிடி அத்துணை வலியது.

குழந்தைகளையும் அது விடவில்லை. மணவாத பெற்றோர்க்குப் பிறந்த மகவை 'இல்லெசிட்டிமேட்டு சைல்டு' என்றனர். சட்டத்திற்கு மாறான குழந்தை என்பது பொருள். சட்டத்தை மீறியவர் யாராயினும் ஆகுக. தொட்டிலிற் கிடக்கும் மகவு எச்சட்டத்தை மீறிற்று? ஆயினும் அது யார்க்கும் பிள்ளையன்று எனப் பழஞ்சட்டம் கூறி, மரபுரிமையை மறுத்தது. 1926, 1969-ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் அக்கொடுமையைச் சிறிது சிறிதாகக் குறைத்தன. 1987-ஆம் ஆண்டின் குடும்பச் சட்டத் திருத்தமே உண்மையான மாற்றத்தைச் செய்தது. பெற்றோர் ஒருவரையொருவர் மணந்திருந்தனரா இல்லையா என்று கேட்கும் முறையில் அது சொற்றொடரை அமைத்தது. அடைமொழி பிள்ளையின் தலையினின்று இறங்கிப் பெற்றோர் செயலின்மேல் ஏறியது. சொல்லைத் திருத்துவது வெறும் ஒப்பனையன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பொய்யுரைக்கும் இணைச்சொற்களும் உள. மணவினையின்றிச் சேர்ந்து வாழும் பெண்ணை ஆங்கிலேயர் 'காமன் இலா வொய்பு' என்பர். பொதுச்சட்ட மனைவி என்பது பொருள். சொல்லில் சட்டம் இருக்கிறது, மனைவியும் இருக்கிறாள். ஆனால் இங்கிலாந்திலும் வேல்சிலும் சட்டம் அவளை மனைவியாக ஏற்பதில்லை. பல்லாண்டு உடன் வாழ்ந்து, அவன் இறந்தபின் வீடு தனக்கே என நம்பியிருந்து, தெருவில் நின்றபோதே அவ்விணைச்சொல் வெற்றுச்சொல் என அறிந்த பெண்டிர் உண்டு.

குடியுரிமையிலும் அப்படியே. 1981-இல் இயற்றப்பட்டு 1983 சனவரி முதல் நடப்புக்கு வந்த பிரித்தானியக் குடிமைச் சட்டம், அதுகாறும் ஒன்றாயிருந்த குடிமையை மூன்றாகப் பிளந்தது. அவற்றுள் ஒன்று 'பிரிட்டிசு ஓவர்சீசு சிட்டிசன்'. பினாங்கிலும் மலாக்காவிலும் பிரித்தானிய ஆட்சியிற் பிறந்து, பிரித்தானியக் குடிமையையும் உடன்வைத்திருந்த மலேசியர் பலர் இவ்வகைக்குள் வந்தனர். அவருள் தமிழரும் உண்டு. இரு பக்கமும் 'பிரித்தானிய', 'குடிமகன்' என்னும் பெருஞ்சொற்கள். நடுவில் 'கடல்கடந்த' என்னும் சிறுசொல். அச்சிறுசொல்லால், அவர் பிரித்தானியாவில் உறையும் உரிமையற்ற பிரித்தானியக் குடிமகனாயினார்! தலைப்பாகை உண்டு, தலை இல்லை என்பது போன்றது இது.

இங்கிலாந்தில் இணைச்சொல் செய்த கொடுமை இத்தகையதாயின், கப்பலேறி வந்த ஆங்கிலச் சட்டம் பிற நாட்டில் செய்தது இன்னும் பெரிது.

1871-இல் இந்தியாவில் ஆங்கிலேயர் ஒரு சட்டம் இயற்றினர். 'கிரிமினல் டிரைபு' என்பது அது படைத்த இணைச்சொல். குற்றம் என்பது ஒருவர் செய்யும் செயல். குலம் என்பது ஒருவர் பிறக்கும் இடம். இவ்விரண்டையும் ஒரு நூலிற் கோத்தால் விளைவு என்ன? பிறந்ததே குற்றம் என்பதாயிற்று. 1911-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி அது சென்னை மாகாணத்தையும் பற்றியது. இரேகை பதிக்கவும், இரவில் காவல்நிலையத்தில் படுக்கவும் மக்கள் வற்புறுத்தப்பட்டனர். 1920 ஏப்பிரல் 3-ஆம் நாள், மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில், அப்பதிவை எதிர்த்து நின்ற மக்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. பெண்ணொருவர் உட்படப் பலர் உயிர் நீத்தனர். அவர் எதிர்த்தது ஒரு பேரேட்டை. அதன் தலைப்பிலிருந்த இரு சொற்களை.

சென்னை மாகாணத்தில் 1947-இலும், இந்தியா முழுமையும் 1952-இலும் அச்சட்டம் ஒழிந்தது. ஒழித்தவர் புதிதாக வைத்த பெயர் யாது? 'டிநோட்டிபைடு டிரைபு', அறிவிப்பினின்று நீக்கப்பட்ட குலம் என்பது பொருள். விலங்கை நீக்கிவிட்டு, 'விலங்கு நீக்கப்பட்டவன்' என்று நெற்றியில் எழுதியது போன்றது அது. தமிழ்நாட்டில் ஆட்சிமொழியாக்கம் செய்தோர் இங்கே சொல்லுக்குச் சொல் பெயர்க்கவில்லை. 'சீர்மரபினர்' என்றனர். ஆங்கிலச்சொல் பழைய தழும்பைச் சுட்டுகிறது. தமிழ்ச்சொல் மரபின் சீரைச் சுட்டுகிறது. மொழிபெயர்ப்பு என்பது அடிமை எழுத்தன்று, அறிவுள்ள தீர்ப்பு என்பதற்கு இஃது ஒரு நற்சான்று. எனினும் ஆங்கில இணைச்சொல்லின் பிடி அங்கும் விட்டபாடில்லை. 1979-இல் தமிழ்நாட்டு ஆணையொன்று 'டிரைபு' என்பதைக் 'கம்யூனிட்டி' என மாற்றியது. அவ்வொரு சொல் மாறியதால் நடுவணரசு நலன்களைப் பெறுவதில் இடர் நேர்ந்தது என அம்மக்கள் நாற்பதாண்டு முறையிட்டனர். 2019-இல், மாநிலத்திற்கு ஒரு பெயரும் நடுவணரசிற்கு ஒரு பெயருமாகச் சான்று வழங்க ஆணை பிறந்தது.

பெருமக்களே, இனி இலங்கைக்கு வருக.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதி தொட்டுத் தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து ஏழை மக்கள் இலங்கை மலைநாட்டிற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். முதலிற் காப்பி, அது நோயில் அழிந்தபின் தேயிலை. காட்டை வெட்டினர், மலையைத் தோட்டமாக்கினர், அங்கேயே பிறந்தனர், அங்கேயே புதையுண்டனர். ஆங்கிலேயர் ஆட்சியில் அவரும் மற்றையோரும் ஒருபடித்தாகப் 'பிரிட்டிசு சப்செக்டு' ஆகவே இருந்தனர். 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்தம் வாக்கால் வென்றோர் நாடாளுமன்றத்தில் அமர்ந்தனர்.

1948 பெப்ருவரியில் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டே 18-ஆம் எண்ணுள்ள குடியுரிமைச் சட்டம் நிறைவேறி, நவம்பர் 15-ஆம் நாள் நடப்புக்கு வந்தது. அதில் இருவகைக் குடிமக்கள். 'சிட்டிசன் பை டிசெண்டு', வழிவழிக் குடிமகன். 'சிட்டிசன் பை இரெசிசிட்டிரேசன்', பதிவுவழிக் குடிமகன். தமிழரை விலக்குக என்று அச்சட்டம் வெளிப்படக் கூறவில்லை. பார்ப்பதற்குக் குற்றமற்ற இரு சொற்றொடர்கள், அவ்வளவே.

ஆனால் 'வழிவழி' என்பதற்கு அச்சட்டம் கூறிய பொருள் யாது? ஒருவர் இலங்கையிற் பிறந்திருந்தால் மட்டும் போதாது. அவருடைய தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும்; அல்லது தந்தையின் தந்தையும் அவர் தந்தையும் அங்கே பிறந்திருத்தல் வேண்டும். இதனை எழுத்துச் சான்றோடு மெய்ப்பிக்க வேண்டும். தோட்டத்து வரிசைவீட்டில் பிறந்த தந்தைக்கும் பாட்டனுக்கும் பிறப்புச்சீட்டு எங்கே இருக்கும்? பெருந்துரையிடம் இருந்தது கூலிக் கணக்கேடு. அதில் உழைத்த நாள் இருக்கும், பிறந்த நாள் இராது. தாய் வழியாகவேனும் காட்டலாமா எனில், வழிவழி என்பது தந்தைவழி ஒன்றே என்றது சட்டம்.

1949-இல் வேறொரு சட்டம் பதிவுவழி ஒன்றைத் திறந்தது. மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது இலங்கையில் உறைந்ததைக் காட்ட வேண்டும் என்றது. எட்டு நூறாயிரத்திற்கும் மேற்பட்டோர்க்காக விண்ணப்பங்கள் குவிந்தன. பல்லாண்டு ஆய்வுக்குப் பின் குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. அதே 1949-இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டது. குடிமகனல்லாதார்க்கு வாக்கில்லை என்றாயிற்று. 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டுத் தமிழர் சார்பில் ஒருவரும் நாடாளுமன்றம் புகவில்லை. இக்கொடுமையை எதிர்த்துத் தம் கட்சியினின்று பிரிந்த செல்வநாயகம், 1949 திசம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார்.

அங்ஙனம் விலக்கப்பட்டோர்க்கு ஆங்கிலம் வைத்த பெயர் 'இசுடேட்டுலெசு', நாடற்றோர். முன்னர்க் கூறிய மூன்று உடன்பிறப்புச் சொற்களையும் இங்கே நினைவுகூர்க. எசுடேட்டில் உழைத்தவர்க்கு இசுடேட்டசு இல்லை. ஆகலின் இசுடேட்டும் இல்லை. தோட்டம் உண்டு, நிலை இல்லை, நாடு இல்லை. ஒரே வேரிற் கிளைத்த சொற்கள் மூன்றனுள், உழைப்பதற்குரியது மட்டுமே அவர்க்கு விடப்பட்டது!

1964 அத்தோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இலால் பகதூர் சாத்திரியும் உடன்படிக்கை செய்தனர். நாடற்றோர் 9,75,000 எனக் கணக்கிடப்பட்டது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வதென்றும் முடிவாயிற்று. 1974-இல் அந்த எஞ்சியோரும் செம்பாதியாகப் பகுக்கப்பட்டனர். அம்மக்களை யாரும் கேட்கவில்லை. கப்பலேறி வந்தவர்க்கு வைத்த பெயர் 'இரிபேட்ரியேட்டு'. தமிழில் தாயகம் திரும்பியோர். ஈழத்து மலையிற் பிறந்து, கடலையே அதுகாறும் காணாத ஒரு பெண், என்றும் பார்த்திராத ஊருக்குத் 'திரும்பினாள்' என்பது எத்துணைப் பெரிய பொய்! அவள் விட்டு வந்ததன்றோ தாயகம்? நீலமலையில் அரசு தோட்டங்களில் அவர்க்கு வேலை கொடுத்தது. ஆனால் அங்கிருந்தோர் அவரைச் 'சிலோன்காரர்' என்றனர். அங்கே இந்தியத் தமிழர், இங்கே சிலோன்காரர். இரு கரையிலும் அடைமொழி அவரை அயலாராகவே வைத்தது.

1978-ஆம் ஆண்டின் இலங்கை அரசமைப்பு, குடியுரிமை நிலை ஒன்றே என்றும், வழிவழி வந்ததா பதிவால் வந்ததா என வேறுபாடு காட்டலாகாது என்றும் எழுதியது. எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 1988, 2003-ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் குடியுரிமை வழங்கின. இரு சொற்றொடர்கள் போட்ட முடிச்சை முற்றும் அவிழ்க்க ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. அதற்குள் இரு தலைமுறையினர் வாக்கில்லாமலே வாழ்ந்து மறைந்தனர்.

இவ்வளவும் கூறியது ஆங்கிலத்தை வைவதற்கன்று. இவ்விணைச்சொற்களை ஆங்கிலத்தில் நன்கறிதல் இன்றியமையாதது. கையொப்பம் இடுமுன் ஆவணத்திலுள்ள பெயர்ச்சொல்லைப் பார்த்து மகிழாமல், அதன்முன் நிற்கும் அடைமொழியைப் பார்க்க வேண்டும். 'குடிமகன்' என்றிருந்தால், எவ்வகைக் குடிமகன்? 'உரிமை' என்றிருந்தால், எவ்வகை உரிமை? 'பணியாளர்' என்றிருந்தால், நிலையான பணியாளரா, நாட்கூலிப் பணியாளரா? அவ்வினாவைக் கேட்கப் பழகாதவனுக்கு எம்மொழியிலும் காப்பில்லை.

மொழிபெயர்ப்போர்க்கும் ஒரு கடமை உண்டு. ஆங்கில இணைச்சொல் உண்மை கூறுமிடத்து, அவ்வுண்மை முழுதும் தமிழில் வர வேண்டும். வழிவழிக் குடிமையையும் பதிவுவழிக் குடிமையையும் பொதுப்படக் 'குடியுரிமை' என்று மூடி மறைத்தல் மக்களை ஏய்ப்பதாகும். இணைச்சொல் ஒருவரை இழிவு செய்யுமிடத்துச் சீர்மரபினர் என்பதுபோல் மாற்றுச்சொல் காண வேண்டும். அது பொய்யுரைக்குமிடத்துப் பொய்யைத் தமிழிலும் நட்டு வளர்க்கலாகாது.

சட்டம் தன்னை என்ன செய்தது என்பதைத் தன் தாய்மொழியில் அறியாத மாந்தன், தனக்கு நேர்ந்த தீங்கை முறையிடவும் அறியான். மலைநாட்டுத் தோட்டத்தில் 1948-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாளும் வழக்கம்போலக் கொழுந்து பறிக்கப்பட்டது; மாலையில் நிறுக்கப்பட்டது. கூடையைத் தோளிலிருந்து இறக்கிய பெண்ணுக்கு, அன்று தன் தோளினின்று வேறொன்றும் இறக்கப்பட்டது என்பது தெரியாது. தெரிந்திருந்தால் அன்றே கேட்டிருப்பாள். அடுத்த முறை எவரும் தெரியாமல் இருத்தலாகாது.